வாழ்த்துச் செய்தியை மொழிபெயர்த்த புருல்ச்சா அக்காவுக்கு

நம் தலைநகர் பிஷ்கெக்கிலுள்ள இந்த அயல்நாட்டுத் தூதரகத்தின் அரசியல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள், அயல்நாட்டார் வாய்க்கும் நம் மக்கள் செவிக்கும் இடையே நின்று, சொல் பிசகாது, சோர்வு காட்டாது மொழிபெயர்த்த மாண்புடை எங்கள் மூத்தவரே, இன்று ஓய்வுபெறும் உங்களுக்கு உள்ளூர் ஊழியர்களாகிய நாங்கள் தலைதாழ்த்தி வணக்கம் கூறுகிறோம்.

நீங்கள் பணியில் சேர்ந்தது, நம் நாட்டில் பொதுவுடைமை ஆட்சி போய் வாக்குச்சீட்டு வந்த காலம். மக்களாட்சிக்குத் துணை நிற்பதே தன் வெளியுறவுக் கொள்கை என்றது இத்தூதரகத்தை நடத்தும் அரசு. அதை முழுமனத்தோடு நம்பியவர் நீங்கள். பனிக் கணவாய்களில் ஜீப்பேறிப் போய், மேய்ச்சல்காரர் கூடாரங்களில் அமர்ந்து, வாக்கு எண்ணிக்கையைக் கண்காணிக்கும் வகையை ஊர்தோறும் கற்பித்தீர்கள். அஞ்சியவர்களிடம், "பயப்படாதீங்க, உங்களுக்குப் பின்னால நாங்க இருக்கோம்" என்றீர்கள். நாரின் மலைப்பக்கத்துப் பள்ளி ஆசிரியர் தொக்தொசுன் அதைக் கேட்டுத்தான் கண்காணிப்பாளராகப் பெயர் கொடுத்தார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய தேர்தலில், அவருடைய சாவடியில் வாக்காளர்களைவிட வாக்குகள் அதிகம் விழுந்திருந்தன. அவர் முடிவுத் தாளில் கையெழுத்திட மறுத்தார். மூன்றாம் நாள் கைதானார்.

உங்கள் அறிக்கையில் 'மோசடி' என்று எழுதினீர்கள். தூதரகத்தை நடத்தும் அரசின் படைகளுக்கு நம் நாடு சாலைவழி விடும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. அவர்கள் தலைநகரிலிருந்து திரும்பி வந்த அறிக்கையில் அச்சொல் 'சில குறைபாடுகள்' என்று மாறியிருந்தது. பின்பு, வென்றவருக்கான வாழ்த்துச் செய்தியை உங்களிடமே மொழிபெயர்க்கத் தந்தார்கள். தூதரின் அறைக்குப் போய், தொக்தொசுன் பெயராவது ஒரு வரியில் வரட்டும் என்று கேட்டீர்கள். தூதர் கெட்டவர் அல்லர். ஜன்னலைப் பார்த்தபடி, "எனக்கும் தெரியும் புருல்ச்சா. ஆனா இந்த வருஷம் எங்களுக்கு அந்த ரோடுதான் வேணும்" என்றார்.

நீங்கள் மொழிபெயர்த்தீர்கள். ஒரு பிழைகூட இல்லை. பக்கத்து மேசைகளில் இருந்த நாங்கள் எங்கள் கோப்புகளையே புரட்டிக்கொண்டிருந்தோம்.

ஆசிரியரின் மனைவி சிர்கா தூதரக வாசலுக்கு வந்து, "பின்னால இருக்கோம்னு சொன்னவங்கள்ல ஒருத்தரைக் காட்டுங்கக்கா, போதும்" என்றார். காவலர்கள் அழைத்தும் உள்ளே வராமல் மாலைவரை அவரோடு நின்றீர்கள். அதன்பின் ஐந்தாண்டுகள், மாதந்தோறும் விடுப்பெடுத்து, பொரித்த போர்சோக் ரொட்டியோடு சிறைவாசலுக்குப் போனீர்கள். கேட்டால் பல் வைத்தியம் என்பீர்கள். அக்காவுக்கு எத்தனை வரிசைப் பல் என்று நாங்கள் செய்த கேலிக்கு இன்று வெட்குகிறோம்.

விடுதலையான அன்று தொக்தொசுன் உங்கள் கையைப் பற்றி நன்றி சொன்னார். பிறகு, "இனி எங்க ஊர்ல யாரையும் எதுக்கும் கூப்பிடாதீங்கக்கா" என்றார். அடுத்த தேர்தலில் அம்மாவட்டத்தில் ஒருவர்கூடக் கண்காணிக்க முன்வரவில்லை. புகார் ஏதும் இல்லை என்று அவர்கள் தலைநகர் மகிழ்ந்தது.

உங்கள் ஓய்வோடு உங்கள் பிரிவும் மூடப்படுகிறது, அவர்கள் கொள்கை மாறிவிட்டதாம். மக்களாட்சி வளர்ச்சிக்கு நீங்கள் ஆற்றிய தொண்டைப் போற்றி அவர்கள் தலைநகரிலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. படித்துவிட்டு, "இதையும் நான்தான் மொழிபெயர்க்கணுமா?" என்று கேட்டீர்கள்.

இஸிக்-கோல் ஏரிக்கரை வீட்டில் மூட்டுவலி நீங்கி, பேரன் பேத்தி சூழ, நோயற்று நூறாண்டு வாழ உளமார வாழ்த்துகிறோம். நம்பிக்கையோடு இருங்கள் என்று எழுத மனம் வரவில்லை. நெடுநாள் இருங்கள், அக்கா.

என்றும் உங்கள்,
தூதரக உள்ளூர் ஊழியர்கள்
பிஷ்கெக்