கேட்காமல் நடந்த பாதை

"என்னைய உக்காரச் சொல்லாதீக மாமா. சொன்னா நான் உக்கார முடியாது."

அருப்புக்கோட்டை நீதிமன்றத்தை நோக்கி விரைந்த பேருந்தில், தம் அருகில் இடம் காட்டிய நிலத்துக்காரரிடம் இவ்வாறு மறுத்தவர், அந்நிலத்தின் வழியே தம் பருத்திக்காட்டுக்கு வண்டிப்பாதை கோரி அவர்மீதே வழக்குத் தொடுத்தவர்.

"ஏன் மாப்ளே?"

"எல்லாம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். இருவது வருசம் உங்களக் கேக்காமலே நடந்திருந்தாத்தான் பாதை எனக்கு. அனுமதி வாங்கி நடந்திருந்தா கேசு போச்சு. இனி உங்ககிட்ட எதுக்குமே அனுமதி வாங்கக் கூடாதுன்னுட்டாரு வக்கீலு."

"அப்ப நின்னுக்கிட்டே வா."

"நிக்கிறதுக்கு மட்டும் உங்க அனுமதி எதுக்கு?" என்று அவர் இடித்துக்கொண்டு அமர்ந்தார்.

நிலத்துக்காரர் வெகுண்டார். "இருவது வருசமா என் காட்டுக்குள்ளயும் இப்படித்தானய்யா கேக்காமப் பூந்தே!"

"இதையே கூண்டுல ஏறிச் சொல்லிருங்க மாமா."