செவ்வாய்க்கிழமையே அழுகிய ஆப்பிள்கள்

காயையும் கனியையும் கண்ணெனப் போற்றி, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் அறிவுரை வழங்கி, எங்கள் நலவாழ்வு நிலையத்தில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருபத்தொன்பது ஆண்டுகள் கோலோச்சி, இன்று பணிநிறைவு பெறும் எங்கள் அன்பிற்கும் அச்சத்திற்கும் உரிய அக்கா அவர்களே!

வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு ஐந்து கைப்பிடி காயும் கனியும் உண்ண வேண்டும் என்று நீங்கள் முழங்கிய முழக்கத்தில், எங்கள் பொரித்த தின்பண்டங்கள் மேசை இழுப்பறைக்குள் தலைமறைவாக வாழ்ந்தன. கோப்புக்குள் பிஸ்கட்டை ஒளித்த தலைமை மருத்துவரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. "அந்தக் கோப்புல எறும்பு ஏறுது டாக்டர், கொஞ்சம் பாருங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

குறையொன்றும் இல்லாத கோமகளே, உங்கள்மேல் எங்களுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. கைப்பிடி அளவு காட்டுவதற்காகத் திங்கள்தோறும் வாங்கும் மாதிரிக் கூடைப் பழங்கள், செவ்வாயன்றே 'அழுகியது, அப்புறப்படுத்தப்பட்டது' என்று உங்கள் முத்தான கையெழுத்தில் பதிவேடு ஏறின. ஆப்பிள் ஒரே இரவில் அழுகுமா என்று கிடங்குக் காப்பாளர் மட்டும் கேட்டார். எலியின் வேலைதான் என்று முடிவுகட்டி ஆறு கூண்டுகள் வைத்தார். ஆறிலும் அவர் விரலே அகப்பட்டது.

எலியைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒருநாள் உங்கள் அறை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தார். சாப்பாடு போதாமல் ஒருவேளையாவது பட்டினி கிடந்ததுண்டா என்று படிவத்தைப் பார்த்து நீங்கள் கேட்க, எதிரே இருந்த கட்டடத் தொழிலாளி தரையைப் பார்த்தபடி, "அதெல்லாம் இல்லைங்க. ராத்திரி பசிக்கல, அதான் சாப்பிடல" என்றார். பழம் தின்னும்படி அவருக்கு நீங்கள் ஒரு வார்த்தையும் உபதேசிக்கவில்லை. கூடையை அவர் பக்கம் நகர்த்தி, "எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இதெல்லாம் நாளைக்கு அழுகிடும், தூக்கிப் போட மனசு வரல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்" என்றீர்கள். அவர் உங்களுக்கு உதவி செய்த பெருமிதத்தோடு எழுந்து போனார். அன்று மாலை காப்பாளர் கூண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டார். கேட்டதற்கு, இங்கே எலி இல்லை என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலமாரிக்குப் பின்னால் கண்டதைப் பல நாள் கழித்தே எங்களிடம் சொன்னார்.

அக்கா, உங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்றும் உண்டு. பழங்கள் அதிகம் அழுகுவதால், நாளை முதல் கூடையில் வைக்கும்படி தலைமையகம் பிளாஸ்டிக் பழங்களை அனுப்பியிருக்கிறது. அவற்றைக் காப்பாளர் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டார். எலிக்குப் பயந்தாராம். கூடைக்குப் பழம் கொண்டுவர எங்களுக்குள் முறை வைத்துவிட்டோம். முதல் முறை, பிஸ்கட் பிராயச்சித்தமாகத் தலைமை மருத்துவருடையது.

நோய் நொடி அணுகாது, பல்லும் பசியும் குன்றாது, நூறாண்டு கடந்தும் நீங்கள் கரும்பு கடித்து வாழ்க! எந்தச் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தாலும் கூடை காலியாகவே இருக்கும். பழங்கள் அழுகியதாகப் பதிவேட்டில் நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

உங்கள் பொய்க்குப் பொறுப்பேற்கும்,
நிலையப் பணியாளர்கள் அனைவரும்