இடது பக்கத்துக் கார்ப்பெட்

— அந்தப் பக்கம் வேணாங்க. அத நான் எடுக்குறேன்.

— எந்தப் பக்கம்?

— இடது பக்கம். காருல நான் கால் வைக்கிற எடம். நீங்க உங்க பக்கத்த முடிங்க.

— கணக்கு டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை? பசை காஞ்சு கல்லு மாதிரி கெடக்கு அல்லி. நகம் பேந்துரும்.

— லீவு நாளாச்சேன்னு ஒத்தாசைக்கு வந்தா இப்புடியா வெரட்டுவீங்க... அய்ய, என்னங்க இது, அடியில தண்ணி ஊறிக் கெடக்கு?

— போன வாரம் பேஞ்ச மழை. கார்ப்பெட்டுக்குக் கீழ பழைய சணல் மெத்தை கெடக்கு பாரு, அது குடிச்சு வச்சிருக்கு.

— அப்ப... இந்தப் பக்கமும் ஈரமா?

— அந்தப் பக்கந்தான் ஜாஸ்தி. ஏன்?

— ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்... ஏங்க, அது என்ன கையில? பூரிக்கட்டையா? காலையிலேர்ந்து தேடுறேன் நான்.

— தார் ஷீட்ட ஒட்டி மேல உருட்டணும்ல. நடுவுல காத்து நின்னுச்சுன்னா தகரம் அதிரும். அப்பறம் சத்தம் எப்புடி அடங்கும்?

— நல்லா உருட்டுனீங்க. இனிமே இதுல நான் பூரி போட்டா நீங்கதான் திங்கணும்.

— திங்கிறேன்.

— எம்பத்தொம்பது மாடல் டீசல் அம்பாசடர். வாங்கி இருபத்திரெண்டு வருஷமா ஓட்டுறீங்க. இப்ப என்ன திடீர்னு சத்தம் கசக்குது?

— உனக்குக் கசக்கலையா? தெனம் நெரவியிலேர்ந்து கோட்டுச்சேரி ஸ்கூலுக்கு, டவுனத் தாண்டி. எறங்கும்போது காது கொய்ங்குதுன்னு நீதான் சொல்லுவ.

— சொல்லுவேன். அதுக்காவ... எனக்கு அது பழகிருச்சுங்க. சொல்லப்போனா அந்தச் சத்தத்துல ஒரு நிம்மதி இருக்கு.

— நிம்மதியா? டீசல் எஞ்சின் சத்தத்துலயா?

— உங்களுக்குப் புரியாது. உங்களுக்கு மட்டும் கசக்குதாக்கும்?

— எனக்கென்ன. எட்டு வருஷம் ரைஸ் மில்லுல நின்னவன். எனக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?

— அப்ப எதுக்குங்க இம்புட்டுச் செலவு? ஷீட்டு, மேல ஒரு ஃபெல்ட் துணி, புதுக் கார்ப்பெட்டு...

— ஒரு காரியமாத்தான். அந்த ஸ்க்ரூ டிரைவர எடு.

— என்ன காரியம்? வரவர உங்களப் புரிஞ்சுக்கவே முடியல. நான் எதையும் வாயத் தொறந்து கேக்குறதில்ல, ஆனா நடந்துடுது. மீசைக்குச் சாயம் அடிக்கிறத விட்டீங்க. மாடியில தண்ணிக் குழாய் வந்துச்சு. உங்க தங்கச்சி போன் பண்ணி என் சமையலப் பத்திப் பேசுறதும் நின்னு போச்சு. எல்லாம் நம்ம ஊர்க் கோயில் அம்மையாருக்கு வேண்டிக்கிட்டதுதான்.

— அம்மையாரா... சரி, சரி. கால எடு, அந்தப் பக்கத்தையும் பேத்துருவோம்.

— ஏங்க, நான்தான் எடுக்குறேன்னு சொன்னேன்ல... இருங்க... இழுக்காதீங்க...

— என்னமோ கவரு இருக்கு.

— குடுங்க அத.

— நனைஞ்சிருக்கு. கிழிஞ்சிரப் போவுது, மெதுவா.

— அய்யோ, எல்லாம் ஊறிப் போச்சே.

— உக்காரு அல்லி. அந்த சீட்ட வெளியில எடுத்துப் போட்டிருக்கேன் பாரு, அதுல உக்காரு. என்ன காயிதம் அது?

— பிரமோஷன் ஆர்டர். வந்து பத்து நாளாச்சு. வீட்டுல வச்சா நம்ம பொண்ணு கவியா கண்ணுல பட்டுரும்னு இங்க வச்சேன்.

— நல்ல சேதிய யாராச்சும் கார்ப்பெட்டுக்கு அடியில வப்பாங்களா?

— தலைமையாசிரியையா போட்டிருக்காங்க. எங்கன்னு கேளுங்க. மாஹேயில, மலையாளத்துப் பக்கம். நம்ம சர்க்காருக்கு இதுவும் ஒண்ணுதான், அதுவும் ஒண்ணுதான். இது இந்தக் கடல், அது அந்தக் கடல். நடுவுல அறுநூறு கிலோமீட்டர்.

— ம்.

— கூட இருக்குற காயிதம் நான் எழுதுனது. விருப்பமில்லைன்னு. திங்கக்கிழமை குடுத்துரலாம்னு இருக்கேன். அதோட முடிஞ்சுரும்.

— ஏன் விருப்பமில்ல?

— குறுவைக்கு நாத்து விட்டிருக்கீங்க. கவியா காலேஜ் சேரணும். எனக்கு மலையாளத்துல ஒரு வார்த்த தெரியாது. போதுமா?

— இதெல்லாம் மத்தவங்களுக்குச் சொல்ற காரணம். எங்கிட்ட ஏன் கேக்கல?

— கேட்டா நீங்க போன்னு சொல்லுவீங்க. சொன்னா என்னைய வெளிய தள்ளுற மாதிரி இருக்கும். வேணாம்னு சொன்னீங்கன்னா ஆயுசுக்கும் உங்க மேல கோவம் இருக்கும். ரெண்டுமே எனக்கு வேணாம். அதான் கேக்கல.

— அந்த லெட்டர இப்புடிக் காட்டு.

— எதுக்கு?

— ஆர்டரு அச்சடிச்சது, அப்புடியே இருக்கு. நீ எழுதுனதுதான் மை கலங்கி ஒரு எழுத்தும் தெரியல.

— திரும்ப எழுதிக்குறேன்.

— எழுதணுமா?

— ...உங்களுக்கு ஆச்சரியமே இல்லையா? பத்து நாளா ஒளிச்சு வச்சிருக்கேன், ஒரு கோவமாச்சும் பட மாட்டீங்களா? கல்லு மாதிரி உக்காந்து பூரிக்கட்டையத் தொடைக்கிறீங்க.

— நீயே சொல்லட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். குறுவைய முருகானந்தம் பாத்துக்குறேன்னுட்டான். அவன்தான் நம்ம வயலுக்கு அடுத்த வயக்காரன், அவனுக்கு என்ன கஷ்டம். கவியாவ நானே கொண்டு சேத்துருவேன். அங்க உனக்கு வீடு பாத்து, சாமான் எறக்கிக் குடுத்துட்டு, ஒரு மாசம் இருந்துட்டு வர்றதா இருக்கேன்.

— முருகானந்தத்துக்கிட்ட எப்பப் பேசுனீங்க?

— போன செவ்வாக்கெழம.

— ஆர்டர் வந்தது ஒருத்தருக்கும் தெரியாதே. கவியாவுக்கே தெரியாது. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல... காருல ஜன்னலப் பாத்து எனக்கு நானே பொலம்பிக்கிட்டதோட சரி.

— ஆமா.

— ஏங்க... மீசைச் சாயம்?

— கரப்பாம்பூச்சி மாதிரி இருக்குன்ன. வாஞ்சியாத்துப் பாலத்துக்கிட்ட.

— உங்க தங்கச்சி பத்தி...

— அது வேணாம். திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வராது.

— அய்யோ கடவுளே. இந்தச் சத்தத்துல எப்புடிங்க கேட்டுச்சு?

— மில்லுல எட்டு வருஷம்னு சொன்னேன்ல. மெஷினு ஓடையிலயே ஆளு பேசுறத தனியாப் பிரிச்சுக் கேட்டாத்தான் அங்க கை மெஷினுல மாட்டாம தப்பும்.

— இத்தன வருஷமா கேட்டுக்கிட்டு வாயே தொறக்கல நீங்க.

— தொறந்தா நீ பேசுறத நிறுத்திருவியே.

— அப்ப... போன திங்கக்கிழமை சொன்னது? பயமா இருக்கு, ஆனா ஒரு தடவையாச்சும் அந்த நாற்காலியில உக்காந்து பாக்கணும்னு ஆசையா இருக்குன்னு...

— அதக் கேட்டுட்டு உன்னய எறக்கி விட்டதும் நேரா போயி ஷீட்டுக்குச் சொல்லிட்டேன். அறுநூறு கிலோமீட்டரும் நீ ஜன்னலப் பாத்துப் பேசிக்கிட்டு வந்தா எனக்கு என்ன மரியாதை? சத்தம் அடங்கட்டும், எங்கிட்டயே பேசு. இந்தா, பூரிக்கட்டையப் புடி. உன் பக்கத்த நீயே உருட்டு.