குண்டு காய்ச்சிய சட்டி

காப்பி ஆறிவிடும், இன்ஸ்பெக்டர் அம்மணி. குடித்துக்கொண்டே எழுதுங்கள். எனக்கு அவசரமில்லை, இனிமேல் அடுப்பு வேலையும் அதிகமில்லை.

சொந்தமாகக் குண்டு வார்த்தால் காசு மிச்சமா என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கரும்புக்குள் பன்றி இறங்குகிறதென்று என் வீட்டுக்காரர் பாலுசாமி லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். மருந்தும் குண்டும் நாமே கெட்டித்துச் சுடுகிற பழைய சாமான். கடையில் குண்டு விலையைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. "பழைய பேட்டரி ஈயத்தக் காய்ச்சி நானே ஊத்திக்கறேன் சென்னி. பாதிக்குப் பாதி மிச்சம்" என்றார்.

காய்ச்ச எடுத்தது என் கொள்ளு ரசச் சட்டியை.

"ஏனுங்க, அது சமைக்கிற சட்டிங்க."

"கழுவிட்டாப் போச்சு."

"அப்ப வேற ஒண்ணு வாங்கிக் குடுங்க. அறுநூறு ரூவாதான்."

"குண்டுல அறுநூறு மிச்சமாகட்டும், வாங்கித் தாரேன்."

நியாயமான பேச்சு. நானும் ஒப்புக்கொண்டு, காலண்டர் அட்டையின் பின்பக்கம் மிச்சத்தைக் குறிக்க ஆரம்பித்தேன்.

இவருக்கு ஈயம் கொடுக்கிற பேட்டரிக் கடை அக்பர் அலி பாய்தான் ஒருநாள் கோபி சந்தையில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, அந்தச் சட்டியில மறந்தும் சமைச்சுப்போடாதீங்க. ஈயம் கொஞ்சங் கொஞ்சமா ஆளையே தின்னுபோடும்." வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் வேகமாக வந்தேன். "அந்தச் சட்டி" என்று ஆரம்பித்ததுமே வீட்டுக்காரர் வாசலிலேயே, "சட்டிப் பேச்சு வேண்டாம், வேற ஏதாச்சும் பேசு" என்றார். சரியென்று மழையைப் பற்றிப் பேசினோம்.

அன்று முதல் ரசம் அதில்தான். அவருக்கு மட்டும். எனக்குக் கொள்ளு சூடு, ஆகாது.

டம்ளரை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? காப்பிக்கு வேறு பாத்திரம், அம்மணி.

அவருக்கு நான் வாய்ப்புக் கொடுக்காமல் இல்லை. அறுநூறு சேர்ந்தால் சட்டி மாறும், சட்டி மாறினால் மனுசன் பிழைப்பார். அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கடைசி ஓவர் பார்க்கிற மாதிரி எனக்கு உடம்பெல்லாம் துள்ளும். மாசியில் நானூற்று இருபது மிச்சம். அந்த வாரம் பன்றியைக் குறிபார்த்துச் சுட்டார். பன்றி நின்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. குண்டு மோட்டார் ரூம் மேலிருந்த தண்ணீர்த் தொட்டியில் பாய்ந்தது. தொப்பலாக நனைந்து நின்ற அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. தொட்டிக்கு ஏழாயிரம். பாவமென்று அதைத் தள்ளுபடி செய்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அவ்வளவு தூரம் யார் செய்வார்கள்?

அடுத்த தையில் ஐந்நூற்றுத் தொண்ணூறு. இன்னும் பத்தே ரூபாய். அன்றைக்கென்று ஈயத்தைச் சரித்துக் கேஸ் ட்யூபைக் கருக்கிவிட்டார். புது ட்யூப் இருநூற்றுப் பத்து. விதியை நான் என்ன செய்ய?

அதற்குள் அவருக்குக் கை நடுக்கம், ஓயாத வயிற்று வலி. கோயமுத்தூரில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் பிள்ளை கேட்டது: "ஏனுங்க பாட்டி, ஒடம்புல ஈயம் இருக்குதே, எப்படி வந்துது?"

"குண்டு காய்ச்சறாருங்க டாக்டர்."

அதில் பொய் ஒன்றும் இல்லையே. குண்டு காய்ச்சுவதை உடனே நிறுத்தச் சொன்னது, இவரும் நிறுத்தினார். அதோடு மிச்சமும் நின்றது. ரசத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "சோறு எறங்க மாட்டீங்குது சென்னி, ரசத்த மட்டும் ஊத்து" என்று இவரே கேட்டு வாங்கிக் குடித்தார். புரட்டாசியில் போய்ச் சேரும்வரை குடித்தார்.

துக்கம் கேட்க வந்த பாய், கழுவக் கிடந்த ஈயக்கறைச் சட்டியில் கொள்ளு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். உங்களிடம் சொன்னதும் அவர்தானே. நல்ல மனுசர்.

ஆமாம், தெரிந்தேதான் ஊற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். நாற்பத்தாறு வருசம் அவர் பேச்சைத் தட்டாதவள் நான். வாங்காதே என்றார், வாங்கவில்லை. கழுவு என்றார், கழுவினேன்.

உங்கள் ஏட்டம்மா சட்டியைச் சாக்கில் சுற்றுகிறார். நெளியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேஸ் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அம்மணி. கழுவிட்டாப் போச்சு.