ஈரல் போன வீடு

— அத மட்டும் சொல்லாத ஜக்கம்மா. ஈரல் நம்ம வீட்டுக்கு வந்துச்சுன்னு சொல்லிரு, போதும்.

— வராதத வந்துச்சுன்னு எப்படிய்யா சொல்ல? தேக்கெலையில மடிச்சு மூக்கம்மா வீட்டுக்குக் கொண்டுபோனது நீதேன? வாசல்ல நின்னு பாத்தவ நானு.

— மெதுவாப் பேசு புள்ள. வக்கீலய்யா அங்கனதேன் டீ குடிக்கிறாக.

— கேக்கட்டும். கட்டுனவளுக்கு வெலாக்கறி, தாலியறுத்தவளுக்கு ஈரலு. கோர்ட்டும் தெரிஞ்சுக்கிறட்டும்.

— இந்தா பாரு. காடு நம்ம உரிமைன்னு புதுச் சட்டம் வந்திருக்கு, வேட்டைய மட்டும் அதுல சேக்கலன்னு சொன்னாகள்ல? காட்டுப்பன்னிய விக்கப் புடிக்கல, பளியங்குடி வழக்கப்படி பங்கு வச்சுத் தின்னோம்னு காட்டுனாத்தேன் எனக்கு ஜெயிலு கொறையும். அதுக்கு நீதேன் சாட்சி.

— தெரியும். கண்ணி வச்ச ஆளுக்கு ஈரலு, மிச்சம் வீட்டுக்கு வீடு சரிபங்கு.

— அம்புட்டுதேன். அதச் சொல்லு.

— சொல்லுவேன். ஈரல் யாருக்குப் போச்சுன்னு கேப்பாகள்ல, அதையும் சொல்லுவேன்.

— ஒனக்கு என்ன புள்ள கோவம்?

— கோவமில்லய்யா, வயித்தெரிச்சல். அவ குடிசைக்குக் கூர மாத்துனது நீ. அவ புள்ளைக்குக் காச்சல்னு கடமலைக்குண்டு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனது நீ. நான் காச்சல்ல கெடந்தப்ப ஒரு சொம்பு வெந்நி வச்சியா?

— அவ புருசன ஆனை மிதிச்ச பெறகு அவளுக்கு யாரு இருக்கா?

— நானும் அப்படிச் சொல்லித்தேன் மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா தை மாசம் ஒன் கண்ணியில விழுந்த பன்னி ஈரல எனக்குத்தேன தந்த? அப்பவும் அவ அறுதலிதேன. இந்தத் தடவ மட்டும் ஏன் அங்கன போச்சு?

— இந்தத் தடவ அப்படி.

— அவமேல ஆசையின்னா சொல்லிரு. தெரியாமக் கெடந்து வேகுறதுக்கு அது மேலு.

— ஆசையுமில்ல, ஒன்னுமில்ல.

— அப்ப வழக்கத்த மீறி அவளுக்குக் குடுத்தாருன்னு கூண்டேறிச் சொல்லத்தேன் போறேன்.

— வழக்கத்த நான் என்னைக்குப் புள்ள மீறியிருக்கேன்?

— மீறாமயா அவ வீட்டுக்குப் போச்சு?

— ஈரல் யாருக்குன்னு நீயேதேன சொன்ன.

— கண்ணி வச்ச ஆளுக்கு... ஏய்யா, அவளா?

— அவதேன். செத்த புருசன் விட்டுட்டுப் போன கண்ணி. வீட்டுல பசி. பொம்பள கண்ணி வச்சான்னு ஏசுவாகன்னு பயந்தா, நான் பன்னியத் தூக்கியாந்தேன். எல்லாரும் என் கண்ணின்னு நெனச்சுக்கிட்டாக. ஈரல அவகிட்டக் குடுத்துட்டு வந்து பங்கு வைக்கையில பாரஸ்ட்டு வாட்சரு வந்து நின்னு, யாரு கண்ணின்னு கேட்டாரு. அவ கைப்புள்ளயோட நின்னா. என்னுதுன்னுட்டேன்.

— எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல.

— அவ பேர எடுத்தாலே நீ மொகத்தத் திருப்பிக்கிருவ.

— ஆமா, திருப்பத்தேன் செய்வேன். எனக்காக ஒரு நாளு இப்படி நின்னிருப்பியாய்யா நீ?

— என் பேரச் சொல்லி, ஒச்சாண்டி சாட்சி ஜக்கம்மான்னு கூப்பிடுறாக பாரு. போ. என்னம்மோ ஒன் மனசுப்படி சொல்லு.

— ஈரல நான்தேன் தின்னேன். ஆனா நீ உள்ள போனா, ஒன்னையப் பாக்க ஜெயிலுக்கு நான் மட்டுந்தேன் வருவேன். அவ வரப்படாது.