சிவப்புக் கட்டம் இல்லாத வீடு

வீட்டுக் கணினியை மாதத்துக்கு ஒருமுறை டிஃப்ராக் செய்தால் போதும். இத்தாலியின் பலெர்மோவில் பழைய கணினி வைத்திருக்கும் தமிழர்கள் இதை என்னிடம்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் எங்கள் வீட்டுப் பெட்டி இன்றும் ஓடுகிறது. என் மனைவி சிவபாக்கியம் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோரா எமிலியானா தனக்கு வேண்டாம் என்று தந்த பெட்டி அது. மாதத்துக்கு ஒருமுறை என்றே அவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஒவ்வொரு நாளும் செய்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக விளக்குகிறேன். கணினி ஒரு கோப்பை முழுதாக ஒரே இடத்தில் எழுதி வைப்பதில்லை. இடம் கண்ட இடத்தில் ஒரு துண்டு, வேறெங்கோ இன்னொரு துண்டு என்று போட்டுவிடும். டிஃப்ராக் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாக அடுக்குகிறது. பழைய விண்டோஸில் இந்த வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சிதறியவை சிவப்பு. ஒழுங்காக இருப்பவை நீலம். வெற்றிடம் வெள்ளை. இடையிடையே சில பச்சைக் கோடுகள் நிற்கும், அவை அசைவதில்லை. அவற்றின் இத்தாலியப் பெயரை என் மகள் சாரங்காதான் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"அது அசைக்க ஏலாத ஃபைல், அப்பா. உங்களை மாதிரி."

அவள் பகிடிக்குச் சொன்னாள். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வன்னியில் நான் விதானையார், ஊருக்கு அரசாங்கம் வைத்த தலைமைக்காரன். எல்லைச் சண்டை என்றாலும் கலியாணப் பேச்சு என்றாலும் ஆட்கள் ஞானசேகரத்தார் என்று என் வாசலுக்குத்தான் வந்தார்கள். போர் முடிந்தபின் இங்கே வந்தோம். லிபெர்த்தா வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் வாசற்காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் யாரோடு போகிறார்கள் என்று பார்ப்பதுதான் இரண்டு உத்தியோகமும். ஆகவே பதவி இறங்கிவிட்டதாக நான் நினைப்பதில்லை.

எங்கள் சனம் சிதறிய சனம். தமையன் கனடாவில், தங்கை நோர்வேயில், சிலர் எங்கே என்றே தெரியாது. அப்படிப்பட்ட ஒருவன் மாலையில் ஒரு கதிரையில் அமர்ந்து, சிவப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாக நீலத்தோடு போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் தவறு காண முடியாது.

வீட்டில் சில விதிகள் வைத்தேன். டிஃப்ராக் ஓடும்போது யாரும் பெட்டியைத் தொடக்கூடாது. இடையில் கரண்ட் நின்றால் உள்ளே இருக்கும் எல்லாம் போய்விடும். இணையத்தால்தான் வட்டு சிதறுகிறது என்று சொல்லி அந்த இணைப்பையும் வெட்டினேன். சாரங்கா பல்கலைக்கழகத்தால் வந்து கதிரையை இழுக்கும் நேரம் பார்த்துத்தான் பெரும்பாலும் வட்டுக்கு ஒழுங்கு தேவைப்பட்டது.

"நேற்றும் செய்தனீங்கள்தானே, அப்பா?"

"நேற்றும் சாப்பிட்டனீர்தானே, பிள்ளை?"

அவள் பட்டத்துக்கான ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். இத்தாலியர் அதைத் தேசி என்பார்கள். எங்களுக்குத் தேசி என்றால் தேசிக்காய், எலுமிச்சை. தேசி முடியவில்லை என்று பிள்ளை அழுதபோது, சிவபாக்கியம் சந்தைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். அன்று வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவளும் "பிள்ளை தேசி எழுதுறா" என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

லிபெர்த்தாவில் வயோதிபரைப் பராமரிக்கும் எங்கள் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. அவர்களோடு கதைத்து, குரலைப் பதிந்து, கணினியில் வைத்திருந்தாள். அதை ஒப்படைத்தால் பட்டம். பட்டம் கிடைத்தால் வடக்கே பொலோஞ்ஞாவில் மேற்படிப்புக்கு இடம். அந்த இடத்துக்காக அவள் சாப்பாட்டையும் மறந்தாள்.

மற்றவர்களின் கோப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் டிஃப்ராக் ஓடும்போது, அந்தக் கணம் எந்தக் கோப்பை நகர்த்துகிறதோ அதன் பெயரைக் கீழே காட்டிக்கொண்டு போகும். கூண்டுக்குள் இருப்பவன் போகிற வருகிற ஆட்களைப் பார்ப்பது போலத்தான் நான் பார்த்தேன். தேசி என்று ஒன்று போயிற்று. புனிதமலர் என்று ஒன்று. அம்மா என்று ஒன்று. பிறகு ஹரி. அது நெடுநேரம் நின்றது. அவ்வளவு சிதறியிருந்தது.

ஹரி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் இந்தியப் பெடியன். ஒருமுறை வீட்டுக்கும் வந்தான். எங்கள் ஊரில் பெடியனைப் பற்றி முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"தம்பி ஆற்றை மகன்?"

"ஆற்றையா? இல்லை அங்கிள், நாங்க மதுரைப் பக்கம். ஆறு வைகை."

சாரங்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாருடைய மகன் என்று அப்பா கேட்கிறார் என்றாள்.

"ஓ, அப்பா பேரா. மீனாட்சிசுந்தரம்."

"எந்த மீனாட்சிசுந்தரம்?"

எனக்கு அந்தப் பெயரில் ஒருவரையும் தெரியாது. எனக்குத் தெரியாத தகப்பனின் மகன், அவ்வளவுதான். ஆனால் மரியாதையான பெடியன். பெட்டியைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னான்.

"மாசத்துக்கு ஒரு தடவை போதும் அங்கிள். தினமும் பண்ணா டிஸ்க்தான் தேயும். நடுவுல கரண்ட் போனாக்கூட எல்லாம் போயிடாது, ஒண்ணு ரெண்டு ஃபைல் கெடும், அவ்வளவுதான்."

"அழிச்சால்?"

"அழிச்சாலும் உடனே போகாது. இடம் காலின்னு குறிச்சுக்கும், எழுத்து அப்படியேதான் கிடக்கும், மீட்டுடலாம். அதுக்கு மேல வேற ஏதாவது வந்து உட்கார்ந்தாத்தான் போச்சு. அழிச்சிட்டு டிஃப்ராக் பண்ணாதீங்க, பண்ணா அந்த இடத்துல எல்லாம் நகர்ந்து வந்து உட்கார்ந்துக்கும்."

சிவபாக்கியம் அப்போது குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள், சாரங்காவும் உதவிக்குப் போயிருந்தாள். இதொன்றும் அவர்கள் காதில் விழவில்லை. நான் நன்றி சொன்னேன். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

டொரன்டோவில் இருக்கும் ஜெயரட்ணத்துக்கு அதற்கு முன்பே நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் மகன் பிருந்தாபனுக்கு எங்கள் சாரங்கா. அவர்களின் மூன்று தலைமுறையையும் எனக்குத் தெரியும். சாரங்காவிடம் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை.

"தேசி குடுத்திட்டுக் கதைப்பம், அப்பா."

கொடுத்தபின் கதைக்க என்ன இருக்கும். பொலோஞ்ஞாவுக்கு ஹரியும் போகிறான் என்பது தெரியாத அளவுக்கு நான் கூண்டுக்குள் கண்மூடி இருந்தவன் அல்ல. விதானையாரின் வாக்கு என்ற ஒன்று இருக்கிறது. அந்தத் தேசி ஒப்படைக்கப்படாவிட்டால், பொலோஞ்ஞா இல்லை. பொலோஞ்ஞா இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில். நியாயமான எவரும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்.

பிரதி ஒன்றை அவள் விரலளவு பென்னெத்தா ஒன்றில், அதாவது பென் டிரைவில், வைத்திருந்தாள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் எங்கள் ஆட்கள் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போனபோது அது என் சட்டைப்பையில் இருந்தது. கரையில் நின்று வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கடலில் விழுந்துவிட்டது. நான் விழுத்தினேன் என்றும் சொல்லலாம். மறுநாள் அவள் வீடு முழுக்கத் தேடினாள். நானும் கட்டிலை இழுத்துப் பார்த்துத் தேடிக் கொடுத்தேன்.

"பரவாயில்லை அப்பா, பெட்டியிலை கிடக்குத்தானே" என்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் இங்கே வீட்டுவேலை செய்பவர்களுக்கு ஓய்வு. சிவபாக்கியம் வரும் நேரம் எனக்குத் தெரியும். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. சாரங்காவின் பெயரில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன், குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினேன். பிறகு டிஃப்ராக் போட்டேன். முடிந்ததும் மறுபடி போட்டேன். நீலக் கட்டங்கள் நகர்ந்து வந்து வெள்ளை இடத்தில் அமர்ந்தன. பார்க்க அழகாக இருந்தது.

எங்கள் வீட்டு மீட்டர் இரண்டு பெரிய வேலையை ஒன்றாகத் தாங்காது. குளியலறையில் உடுப்புத் துவைக்கும் மெஷினை நான் போட்டேன். சிவபாக்கியம் வந்து செருப்பைக் கழற்றியதும், ஒரு சட்டையை அயன் பண்ணித் தரச் சொன்னேன். அவள் ஒயரைச் சொருகினாள். வீடு அணைந்தது. கடைசியாகச் சொருகிய கைக்குத்தான் பழி.

"இஞ்சேருங்கோ" என்று ஓடி வந்தாள். "மெஷின் ஓடினதை நான் கவனிக்கேல்லை. உங்கட பெட்டி ஓடிக்கொண்டு இருந்தது என்ன?"

"ஓம்."

"பிள்ளையின்ர தேசி?"

"பாப்பம்" என்றேன். அவளை ஒரு வார்த்தை கோபிக்கவில்லை.

சாரங்கா வந்ததும் சிவபாக்கியம்தான் முதலில் சொன்னாள். என்னைப் பேசவே விடவில்லை.

"நான்தான் பிள்ளை. என்ர கையாலைதான் எல்லாம் போயிட்டுது."

"ஒண்டை நிப்பாட்டிப்போட்டு மற்றதைப் போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான், அம்மா. எத்தினை தரம்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதன்பிறகு தாயோடு அவள் கதைத்ததை நான் கேட்கவில்லை.

ஹரி பெட்டியைக் கொண்டுபோய்ப் பார்த்தான். திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"கரண்ட் போனா இப்படி ஆகாது அங்கிள். துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"நான் ஒழுங்கா வைச்சிருக்கிறன், தம்பி."

அப்போது பார்த்தான். நானும் பார்த்தேன். வயதில் மூத்தவரிடம் அதற்குமேல் கேட்கக் கூடாது, அவரைப் பற்றி மகளிடமும் சொல்லக் கூடாது என்று அவனுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மீனாட்சிசுந்தரம் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

ஆய்வுக்குக் குரல் கொடுத்த புனிதமலர் அந்த மாதமே காலமாகிவிட்டாள். அவள் தன் பிள்ளைகள் போரில் எப்படிப் போனார்கள் என்று வேறு யாருக்கும் சொன்னதில்லையாம். செத்தவீட்டில் சாரங்கா அழுதபடி சொன்னாள். சிவபாக்கியமும் அதில் கதைத்திருந்தாள். என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக் கதை வீட்டை விட்டுப் போகாமல் நின்றது, அது போதும்.

டொரன்டோவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். பிள்ளை பட்டத்தை விட்டுவிட்டாள், இனிக் கலியாணத்தை வைக்கலாம் என்றேன். ஜெயரட்ணம் முதலில் என் சுகத்தை விசாரித்தார்.

"விதானையார், குறை நினையாதையுங்கோ. படிச்ச பிள்ளை எண்டுதானே நாங்கள் கேட்டனாங்கள்."

வாக்கை முறித்தவர் அவர். நான் அல்ல.

சாரங்கா பட்டமில்லாமலே பொலோஞ்ஞாவுக்குப் போனாள். அங்கே ஹரியோடு இருக்கிறாள், உணவுச்சாலையில் வேலைக்கு நிற்கிறாள் என்று கேள்வி. எனக்கு எப்போதாவது தொலைபேசி எடுப்பாள். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டால், வேலைக்கு நேரமாகிவிட்டது என்பாள். எடுப்பதை ஏன் நிறுத்தவில்லை என்றால், நான் அன்று அவளோடு சேர்ந்து பென்னெத்தாவைத் தேடினேன் அல்லவா, அந்த நன்றி.

சிவபாக்கியம் இப்போது எதையும் சொருகுவதற்கு முன் குசினியில் இருந்து "போடட்டோ?" என்று கேட்கிறாள். நான் "ஓம்" என்ற பிறகுதான் போடுகிறாள். தேசிக்காய் வாங்குவதை விட்டுவிட்டாள். கறிக்குப் புளியைக் கரைக்கிறாள். தன் கையால் பிள்ளையின் வாழ்க்கை போயிற்று என்று இந்த ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறாள். நான் அவளை மன்னித்துவிட்டேன். அதை அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பெட்டியில் இப்போது சிவப்பே இல்லை. யாரும் எதுவும் எழுதுவதில்லை. கொஞ்சம் நீலம், நிறைய வெள்ளை, நடுவில் அந்தப் பச்சைக் கோடுகள். ஒவ்வொரு மாலையும் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த வட்டை ஒழுங்குபடுத்தத் தேவையில்லை என்று அது எனக்கு இத்தாலிய மொழியில் மரியாதையாகச் சொல்கிறது. ஆனாலும் ஒருநாள் விட்டால் இந்தக் குடும்பம் என்னவாகும் என்று நினைத்து, அழுத்திவிடுகிறேன்.