கரும்புகையும் சுவரில் போட்ட ஓட்டையும்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் அட்டன் நகரில் கடை எழுப்பினேன், லாரி வாங்கினேன், மாடிவீடு கட்டினேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை. போன வாரம் மஸ்கெலியா பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் ஓட்டுபவர், மற்றவர் லாரி டிரைவர்.

“எங்க எஞ்சினுக்குப் பேய் புடிச்சிருக்குண்ணே. காலையில நல்லா இழுக்குது. தேயிலைத் தூள சலிச்சு அரிக்க ஆரம்பிச்சா கரும்புகை கக்கிப் படுத்துக்குது. இன்னொரு தடவ நின்னா என்னைய வேலைய விட்டு வெரட்டிருவேன்னு தோட்டத்த நடத்துற தொரை சொல்லிட்டாரு.”

“பேய் கெடக்கட்டும். எஞ்சின் காத்த எங்கருந்து இழுக்குது?”

“அரிக்கிற அறையிலருந்துதாங்க.”

“அட மனுசா! தேயிலைத் தூசி, காத்த வடிகட்டுற பில்டர அடைச்சிருக்கும். மூச்சு முட்டினா கரும்புகைதான் வரும், இழுக்காது.”

“கழுவினாலும் திரும்ப அடைக்குமே?”

“இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்துல செவுத்துல ஓட்ட போட்டு, வெளிக்காத்து வர்ற மாதிரி கொழா விட்டிருக்காங்க. அதே மாதிரி செய்யிங்க. அங்கிருந்த தொரையோட மூளையப்பா அது!”

“அந்தத் தொரை நல்லா இருக்கணும்ங்க,” என்று எஞ்சின்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போது அந்த இறம்பொடைத் தோட்டத்தில் எஞ்சின் பார்த்தவன் நான்; சுவரில் ஓட்டை போட்ட அன்று துரை பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தார். யோசனை என்னுடையது. உளியும் சுத்தியலும் பிடித்து அந்தச் சுவரை உடைத்தவனும் நான்தான். இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கும்பிடை எனக்கே போடவேண்டும்.